ஒன்றேகால் கிலோ கூடுதல்

மீன் நிறுக்கிற தராசின் கொக்கியில்
எங்கள் பெட்டி தொங்குகிறது.
எமல்டா அக்காவின் வீட்டுக்காரர் முள்ளைப் பார்த்து
"பதினாறேகால்" என்கிறார்,
சீலா மீனுக்கு விலை சொல்கிற அதே குரலில்.
பதினைந்துதான் விடுவார்களாம் பலாலியில்.

முதலில் கருவாடு வெளியே வந்தது.
பிறகு உள்ளே போனது.
அடுத்து இவருடைய செருப்பு, என் இரண்டாவது துண்டு,
பனங்கட்டிக் குட்டான் ஒன்று
(வேண்டாம், அது இருக்கட்டும்).
"சங்கரபாண்டி அண்ணை, எல்லாத்தையும் உடுத்துக்கொண்டு போங்கோ"
என்று அக்கா சிரித்தார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்தில்
நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் வெளிநாடு.
வெளிநாடு என்றால் பாஷை தெரியாமல் முழிக்கணுமே,
இதென்ன வெளிநாடு என்றாள் கோவில்பட்டியில் என் நாத்தனார்.
முழிக்கத்தான் செய்தோம்.
மிச்சக் காசைப் "பேந்து தாறன்" என்ற கடைக்காரரிடம்
பேந்து என்ன விலை என்று கேட்டவர் இவர்.

சாயங்காலம் பண்ணைப் பாலத்துக்கு நடந்தோம்.
குருநகரிலிருந்து தூரம்தான், ஆனாலும் நடந்தோம்.
முழங்கால் தண்ணீரில் களங்கண்டிக் கம்புகள்,
கம்புக்கு ஒன்றாக நீர்க்காகங்கள்,
சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு.
சூரியன் இறங்குவதைப் பார்க்காமல்
இவர் மீதிப் பணத்தை எண்ணினார்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
நாளை மத்தியானத்துக்குமேல் இது வெறும் தாள்.
ஐஸ்கிரீம் வாங்கினோம். இன்னும் இருந்தது.
கச்சான் வாங்கினோம். இன்னும் இருந்தது.
"நீர் சாப்பிடுமன்" என்று பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

அக்காவை அவர் வீட்டுக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார்.
"நீர் படுமன், நான் கதவைப் பூட்டுறன்."
வந்த அன்று ராத்திரி சுவருக்கு இந்தப்பக்கம் கிடந்து கேட்டோம்.
எங்கள் ஊரில் 'நீரு' என்பது டீக்கடை பெஞ்சில்
ஆம்பளைக்கு ஆம்பளை கொடுப்பது.
என்னவே, நீரு நேத்து வரலையே?
எனக்கு வாய்த்தது 'ஏட்டி'.
கோபமென்றால் அதுவும் இல்லை, ஒரு செருமல்.

கேலியாகத்தான் ஆரம்பித்தார்.
நயினாதீவுப் படகில், "நீர் பயப்படுறீரோ?"
எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.
பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு
"நீர் இன்னும் போடேல்லையோ?" என்று நேற்று கேட்டபோது
அந்த முகத்தில் கேலி இல்லை.
அவருக்கே அது தெரியவில்லை.
நான் தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

பலாலியிலிருந்து மெட்ராசுக்கு ஒன்றரை மணி நேரம்.
மெட்ராசிலிருந்து எங்கள் வீட்டுக்கு
ராத்திரி முழுக்க ரயில்.
எந்த இடத்தில் 'ஏட்டி' ஏறிக்கொள்ளும்?
எழும்பூரில், போர்ட்டர் கூலி கூடக் கேட்கும்போதா?
சாத்தூர் தாண்டிக் கரிசல் வெளுக்கும்போதா?
வாசலில் நின்று, சாவி எந்தப் பைக்குள் என்று
துழாவும்போதா?
கேட்கலாம்தான். கேட்டால்
திரும்பவும் கேலியாக்கிவிடுவார்.

மிச்சத்தை ஆட்டோக்காரரிடம் கொடுத்தோம்.
இருபது ரூபாய்த் தாள் ஒன்றை மட்டும்
என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார்.
ஏன் என்று அவரும் சொல்லவில்லை.

விளக்கணைத்து வெகுநேரம் கழித்து
கட்டில் கிறீச்சிட்டது.
இருட்டில் எழுந்துபோய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கிறார்.
வைக்கிறார். மறுபடி தூக்குகிறார்.
கால் கிலோ இன்னும் கூடுதல்தான், எனக்குத் தெரியும்,
கருவாட்டை எடுக்க மனசு வரவில்லை.

"வந்து படும்வே" என்றேன்,
"அதெல்லாம் விடுவாங்க."

பெட்டி தரையில் மெதுவாக இறங்கிற்று.
செருமல் வரவில்லை.
சுவருக்கு அந்தப்பக்கம்
யாரோ சிரித்த மாதிரி இருந்தது.